யூகே யூனிவர்சிட்டியில் மனநலக் கவுன்சிலிங் வாங்குவது எப்படி? நான் தொலைத்த ஏழு வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும்

நவம்பர் கடைசி வாரம் ஃபார்ம் போட்டேன். கவுன்சிலர் முன்னால் போய் உட்கார்ந்தது ஜனவரி நடுவில். அந்த ஏழு வாரத்தில் பாதிக்கு மேல் விவரம் தெரியாமல் நானே தொலைத்தது. ஒரு வருட எம்.எஸ்சி. படிப்பில் ஏழு வாரம் போனால் ஒரு செமஸ்டரே கையை விட்டுப் போன மாதிரி. அதற்குள் ஒரு பேப்பரில் ஃபெயில், இன்னொன்றில் டெட்லைன் தாண்டி பூஜ்யம்.

நடுவில் ஒருநாள் அம்மாவிடம் வாய்தவறி "கவுன்சிலரைப் பார்க்கப் போறேன்மா" என்று சொல்லிவிட்டேன். "ஏன், அங்கயும் தண்ணி வரலையா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்தது வார்டு கவுன்சிலர்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

இது இங்கிலாந்தில் ஸ்டூடன்ட் விசாவில் படிப்பவர்களுக்கு எழுதியது. ஸ்காட்லாந்து, வேல்ஸில் சில நடைமுறைகள் வேறு. தொகைகள் எல்லாம் 2025 நிலவரம். ஒவ்வொரு யூனியிலும் பெயர்கள் கொஞ்சம் மாறும், வழி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் ஒன்று. உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற நினைப்பு இப்போதே இருந்தால் கீழே உள்ள படிகள் எதுவும் உங்களுக்கு இல்லை. 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்துங்கள். மனநல நெருக்கடிக்கென்றே இருக்கும் என்.எச்.எஸ். (இங்குள்ள அரசு மருத்துவ சேவை) ஆட்கள் எந்நேரமும் எடுப்பார்கள். ஆபத்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் 999, அல்லது நேராக மருத்துவமனை ஏ அண்ட் ஈ (அவசர சிகிச்சைப் பிரிவு). யாரிடமாவது பேசினால் போதும் என்றால் சமாரிட்டன்ஸ், 116 123. போனில் பேலன்ஸ் இல்லாவிட்டாலும் போகும், பில்லிலும் வராது. பேச வாய் வரவில்லை என்றால் ஷவுட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து 85258-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். இந்த எண்களை இப்போதே போனில் சேமித்து வையுங்கள். தேவைப்படும் ராத்திரியில் தேட முடியாது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் கவுன்சிலிங் என்ற ஒரு கதவை மட்டும் தட்டிவிட்டு, மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று காத்திருந்தேன். இங்கே மூன்று கதவு இருக்கிறது. கவுன்சிலர் பேசுவதற்கு. ஜிபி, அதாவது உங்கள் பகுதிக் குடும்ப டாக்டர், மருந்துக்கும் ஆதாரக் கடிதத்துக்கும். டிபார்ட்மென்ட் டெட்லைனுக்கும் மார்க்குக்கும். ஒரு கதவில் சொன்னது அடுத்த கதவுக்குத் தானாகப் போய்ச் சேராது. மூன்றையும் ஒரே வாரத்தில் நீங்களேதான் தட்ட வேண்டும்.

1. வந்த வாரமே ஜிபியில் பதியுங்கள்

உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. விசா எடுக்கும்போது ஹெல்த் சர்சார்ஜ் என்று வருடத்துக்கு 776 பவுண்டு கட்டினீர்கள் அல்லவா? ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு, படிப்புக்கு முன்னும் பின்னும் தரும் கூடுதல் விசா மாதங்களையும் சேர்த்துப் பெரும்பாலும் 1,164 பவுண்டு வந்திருக்கும். அந்தப் பணத்துக்குத்தான் ஜிபி. டாக்டரைப் பார்க்க இனிமேல் காசு இல்லை.

பதிவை ஆன்லைனிலேயே செய்யலாம். பாஸ்போர்ட், முகவரிச் சான்று என்று ரிசப்ஷனில் கேட்டாலும் கேட்பார்கள். இருந்தால் காட்டுங்கள். இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்கக்கூடாது என்பது என்.எச்.எஸ். விதி. வாடகை ஒப்பந்தம் நண்பன் பெயரில் இருக்கிறது, அதனால் முடியாது என்று நினைத்து ஜனவரி வரை பதியாமலே இருந்தவன் நான். உங்கள் போஸ்ட்கோட் அந்த ஜிபியின் எல்லைக்குள் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வீடு மாறினால் முகவரியைத் தெரிவியுங்கள், எல்லை தாண்டினால் புது ஜிபி தேட வேண்டிவரலாம். பதிவு முடியச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும்.

ஊரிலேயே மனநல மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கவனியுங்கள். டாக்டர் சீட்டில் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் இங்கே புரியாது. மருந்தின் ஜெனரிக் பெயர், அளவு, எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி வாருங்கள். குளோனசிபாம், அல்பிரசோலம் போன்றவை இங்கே கட்டுப்பாட்டு மருந்துகள். மூன்று மாத அளவோ அதற்கு மேலோ கொண்டுவர லைசென்ஸ் வேண்டும். அதற்குள் என்றாலும் கடிதம் கையில் இருக்கட்டும்.

2. யூனி ஃபார்மில் மரியாதை பார்க்காதீர்கள்

ஸ்டூடன்ட் போர்ட்டலில் வெல்பீயிங், கவுன்சிலிங், மென்டல் ஹெல்த் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். இலவசம். இன்டர்நேஷனல் மாணவருக்கும் அதே சேவைதான், தனிக் கட்டணம் எதுவும் இல்லை. ஸ்டூடன்ட் நம்பர், போன், முகவரி, ஜிபி பெயர், அவசரத்துக்கு ஒருவர் பெயர் கேட்பார்கள். பிறகு ஒரு கேள்வித்தாள். போன வாரத்தில், அல்லது போன இரண்டு வாரத்தில், தூக்கம் எப்படி, நம்பிக்கை எப்படி, தனிமை எப்படி என்று வரும். 'இல்லவே இல்லை' என்பதில் தொடங்கி 'எப்போதும்' வரை டிக் அடிக்க வேண்டும்.

நான் அங்கேதான் கோட்டை விட்டேன். வீட்டுக்கு வந்த விருந்தாளி "சாப்பாடு போதுமா" என்றால் "போதும் போதும்" என்கிற மாதிரி, எல்லாவற்றுக்கும் 'எப்போதாவது' என்று டிக் அடித்தேன். ராத்திரி நான்கு மணிவரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த காலம் அது. தூக்கம் என்ற கேள்விக்கும் 'எப்போதாவது' தான். முன்பின் தெரியாதவர்களிடம் போய் எப்படிப் புலம்புவது? விளைவு, இரண்டு நாளில் ஒரு மெயில்: மூச்சுப் பயிற்சி ஆப் ஒன்று, தூக்கம் பற்றிய வீடியோ ஒன்று, "நிலைமை மாறினால் மீண்டும் தொடர்புகொள்ளவும்."

யாரை முதலில் பார்ப்பது என்பதை அவர்கள் இந்த டிக்குகளை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். உயிர் பற்றிய கேள்வி ஒன்று கட்டாயம் இருக்கும். 'ஆம்' என்று போட்டால் போலீஸ் வந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். ஆள் போன் செய்து, எவ்வளவு தீவிரம், இப்போது பத்திரமாக இருக்கிறீர்களா என்று விசாரிப்பார்கள். வரிசையில் முன்னால் வருவீர்கள்.

கீழே விவரம் எழுதும் பெட்டியில் மூன்று விஷயம் வேண்டும்: எப்போதிலிருந்து, அன்றாடத்தில் எது நின்றுபோனது, படிப்பில் என்ன பாதிப்பு. "மனசு சரியில்லை" என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. "ஆறு வாரமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, நான்கு லெக்சருக்குப் போகவில்லை, ஒருவேளைதான் சாப்பிடுகிறேன்" என்றால் புரியும்.

அவசரத் தொடர்புக்கு அப்பா பெயரைப் போட்டிருந்தேன். விருதுநகரில் இருக்கும் மனிதர் ராத்திரி போன் வந்தால் என்ன செய்வார்? இந்த ஊரிலேயே இருக்கும், கதவைத் தட்டக்கூடிய ஒருவரைப் போடுங்கள்.

3. 'நோ காலர் ஐடி' வந்தால் எடுங்கள்

இரண்டாவது ஃபார்ம் போட்ட பிறகு, அடுத்த செவ்வாய் காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் அழைப்போம் என்று மெயில். நான் கைபேசியை மடியிலேயே வைத்திருந்தேன். பத்தே முக்காலுக்கு ஓர் அழைப்பு, நம்பர் காட்டவில்லை. ஹோம் ஆஃபீஸ் (விசா பார்க்கும் அரசுத் துறை) என்று சொல்லிப் பணம் பறிக்கும் மோசடி பற்றி வாட்ஸ்அப் குரூப்பில் முந்தின நாள்தான் படித்திருந்தேன். கட் செய்தேன். பதினொன்றுக்கு மறுபடியும். மறுபடியும் கட். மதியம் மெயில் பார்த்தபோது, "இரண்டு முறை முயன்றோம், உங்கள் கோரிக்கையை முடித்துவிட்டோம்."

உங்கள் அந்தரங்கம் கருதித்தான் அவர்கள் நம்பரை மறைத்து அழைக்கிறார்கள், வாய்ஸ்மெயிலும் விடமாட்டார்கள். அந்த இரண்டு மணி நேரம் எந்த அழைப்பு வந்தாலும் எடுங்கள். ஜங்க் ஃபோல்டரைத் தினமும் பாருங்கள். தேதி தர ஒரு பட்டனை அழுத்தி உறுதிசெய்யச் சொல்லும் யூனிகளும் உண்டு. குறித்த நாளுக்குள் அழுத்தாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வர முடியாவிட்டால் 24 மணி நேரமோ 48 மணி நேரமோ முன்னால் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது ஒரு செஷனாகக் கணக்கில் கழியும்.

பேச இடமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் இருக்கும் வீட்டில், பக்கத்துக் கட்டிலில் ரூம்மேட் குழம்பு வாசனையோடு படுத்திருக்கும்போது மனதைத் திறக்க முடியாது. லைப்ரரியில் சின்ன ரூம்களை முன்பதிவு செய்யலாம். அந்த அழைப்பு இருபது நிமிடத்திலிருந்து முக்கால் மணி நேரம் வரை போகும்.

காலக்கணக்கு: அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். டிசம்பரில் மாலை நான்குக்கே இருட்டிவிடும். நம்மவர்கள் மனம் சோர்ந்து உட்காருவது அப்போதுதான், கவுன்சிலிங்குக்குக் கூட்டமும் அப்போதுதான். கிறிஸ்துமஸுக்கு ஆபீஸே ஒன்றிரண்டு வாரம் மூடியிருக்கும். அக்டோபரிலேயே போட்டிருந்தால் எனக்கு நவம்பரில் கிடைத்திருக்கும்.

4. முதல் செஷன்: அவர் பேசமாட்டார்

சின்ன அறை. எதிரெதிராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாகப் போட்ட இரண்டு நாற்காலி, நடுவில் டிஷ்யூ டப்பா. கடிகாரம் இரண்டு, ஒன்று அவருக்குத் தெரிகிற மாதிரி, ஒன்று எனக்கு. ஐம்பது நிமிடம். முதலில் ரகசியக் காப்பு பற்றி ஒரு தாளைப் படித்துக் கையெழுத்து. பிறகு "எதனால் வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டார்.

நான் டாக்டர் என்று நினைத்துப் போயிருந்தேன். இரண்டு நிமிடம் விஷயத்தைச் சொன்னால் "இப்படிச் செய்யுங்க தம்பி" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மருந்து எழுதமாட்டார், நோய்க்குப் பெயர் வைக்கமாட்டார், பெரும்பாலும் யோசனையும் சொல்லமாட்டார். அந்த மௌனம் உங்களைப் பிடிக்காமல் இல்லை, உங்களுக்கு விட்ட இடம். தெரியாததால் முதல் செஷனில் பாதியை வானிலை பேசியே ஓட்டினேன்.

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். படித்தே காட்டலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். முக்கியமாக, நம் வீட்டுக் கணக்கை விளக்க நேரம் ஒதுக்குங்கள். "கொஞ்ச காலம் படிப்பை நிறுத்தி ஓய்வெடுப்பது பற்றி யோசித்தீர்களா?" என்று என் கவுன்சிலர் இரண்டாவது செஷனில் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது, வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அக்கா கல்யாணம் என் வேலையை நம்பித் தள்ளிப்போகிறது. இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது செஷனுக்கு ஒரு தாளில் லோன் தொகை, மாத வட்டி, யார் யார் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கி நிதானமாகப் படித்தார். "இத்தனை பேரும் இந்த அறையில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது" என்றார். அன்றைக்குத்தான் பேச்சு தொடங்கியது.

முதல் நாளே கேட்க வேண்டியவை: மொத்தம் எத்தனை செஷன் (நான்கு முதல் ஆறு என்பது பரவலாக இருக்கும் அளவு), ஒவ்வொரு முறையும் இதே ஆள்தானா, வாரா வாரமா, தேவைப்பட்டால் கடிதம் தருவீர்களா. ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆள் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். தமிழ் பேசும் கவுன்சிலர் யூனியில் கிடைப்பது அபூர்வம். நம் பின்னணி தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

5. அதே வாரம் ஜிபியிடமும் போங்கள்

பல ஜிபிக்களில் காலை எட்டு மணிக்குப் போன் திறக்கும். எட்டு ஒன்றுக்கு நீங்கள் பதினெட்டாவது ஆள். ஆன்லைன் ஃபார்ம் இருந்தால் அதில் போடுங்கள். ரிசப்ஷனிஸ்ட் "எதற்காக?" என்று கேட்பார். "மனநலம்" என்ற ஒரு சொல் போதும், அவரிடம் கதை சொல்ல வேண்டாம். சாதாரண அப்பாயின்ட்மென்ட் பத்து நிமிடம்தான். இரட்டை அப்பாயின்ட்மென்ட் கிடைக்குமா என்று கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். ஆங்கிலம் நன்றாக வரும் என்றாலும், இதைப் பேசும்போது வார்த்தை வராது.

மன அழுத்தத்துக்கு ஒன்பது கேள்வி, பதற்றத்துக்கு ஏழு கேள்வி என்று இங்கேயும் ஒரு தாள் உண்டு. இரண்டாம் படியில் சொன்னதே இதற்கும். நெஞ்சுவலி, தலைவலி, வயிறு என்று உடம்புக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். நம் ஆட்கள் அதிகம் செய்வது அதுதான், பாராசிட்டமாலோடு திரும்பி வருவோம்.

மருந்து எழுதினால் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. மாதா மாதம் வாங்க வேண்டிவந்தால் முன்பணச் சான்றிதழ் உண்டு: மூன்று மாதத்துக்கு 32.05, வருடத்துக்கு 114.50. எத்தனை மருந்து வாங்கினாலும் அதற்குமேல் இல்லை. மாதம் ஒரே மருந்து என்றால் வருடச் சான்றிதழில் பெரிய லாபம் கிடையாது, இரண்டு மருந்து என்றால் கட்டாயம் எடுங்கள். வருமானம் குறைவு, சேமிப்பு 16,000 பவுண்டுக்குள் என்றால் எச்.சி.1 என்ற ஃபார்ம் போட்டுப் பாருங்கள். கிடைத்தால் மருந்து இலவசம்.

மருந்து முதல் வாரமே வேலை செய்யாது. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும், ஆரம்பத்தில் குமட்டல், தூக்கக் குழப்பம் எல்லாம் வரலாம். பரீட்சைக்கு நான்கு நாள் முன்னால் ஆரம்பித்துவிட்டுப் பலனில்லை என்று சொல்லாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்.

6. டெட்லைனைக் காப்பாற்றுவது: இங்கே காகிதம்தான் பேசும்

பணமும் மார்க்கும் போவது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ் என்பார்கள், எக்ஸ்டென்யுவேட்டிங் என்றும் சொல்வார்கள், மாணவர்கள் வாயில் மிட் சர்க்ஸ். உடம்போ மனமோ சரியில்லாததால் பரீட்சை, அசைன்மென்ட் பாதிக்கப்பட்டது என்று டிபார்ட்மென்டுக்குப் போடும் விண்ணப்பம். ஏற்றுக்கொண்டால் கூடுதல் நாள் தருவார்கள், அல்லது முதல் முயற்சி போலவே மீண்டும் எழுத விடுவார்கள். மார்க்கைக் கூட்டித் தரமாட்டார்கள்.

கவுன்சிலிங் போய்க்கொண்டிருக்கிறேன், அதனால் டிபார்ட்மென்டுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நம்பினேன். தெரியவே தெரியாது. கவுன்சிலிங் ரகசியம் என்பதற்கு அர்த்தமே அதுதான். விண்ணப்பம் போட்டபோது ஆதாரமாக அப்பாயின்ட்மென்ட் மெயிலை இணைத்தேன். "சேவையை அணுகியதற்கான ஆதாரம் இது, பாதிப்புக்கான ஆதாரம் இல்லை" என்று நிராகரித்தார்கள். சொன்ன விதம் எரிச்சலாக இருந்தாலும் விதி அதுதான்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பாதிப்பு, படிக்க எழுத அது எப்படித் தடையாக இருந்தது, டாக்டர் உங்களை எப்போது பார்த்தார். "என்னிடம் இவர் இப்படிச் சொன்னார்" என்று மட்டும் எழுதியிருந்தால் எடுபடாது. பாதிப்பு முடிந்து ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் டாக்டரால் வேறு எப்படியும் எழுத முடியாது. ஐந்தாம் படியை அதே வாரம் செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

யூனிக்குக் கடிதம் எழுதுவது ஜிபியின் என்.எச்.எஸ். வேலையில் சேராது. கட்டணம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். நான் கட்டியது 30 பவுண்டு, வர எட்டு வேலை நாள். ஏழு நாளுக்கு மேல் உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாதவர்களுக்குத் தரும் ஃபிட் நோட் இலவசம். உங்கள் யூனி அதை ஏற்குமா என்று முதலில் கேளுங்கள், முப்பது பவுண்டு மிச்சம். சின்ன தாமதத்துக்கு ஆதாரமே கேட்காமல் சுய அறிவிப்பு மட்டும் போதும் என்று வைத்திருக்கும் யூனிகளும் உண்டு. வருடத்துக்கு இத்தனை தடவை என்று கணக்கிருக்கும், முதல் வாரமே அதைச் செலவழித்துவிடாதீர்கள்.

கடிதம் வரட்டும் என்று விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். கடைசித் தேதிக்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, "ஆதாரம் பின்னால் வரும்" என்று எழுதுங்கள்.

பெரிய பொறி ஒன்று உண்டு: 'ஃபிட் டு சிட்'. பல யூனிகளில் பரீட்சை ஹாலில் போய் உட்கார்ந்தாலே "நான் எழுதும் நிலையில் இருக்கிறேன்" என்று அறிவித்ததாக அர்த்தம். எழுதிவிட்டு, சரியாக வரவில்லை என்றதும் மிட் சர்க்ஸ் போட்டால் தள்ளிவிடுவார்கள். "போய் எழுதித்தான் பார்ப்போமே, பேப்பர் ஈசியா வந்தா?" என்ற நம் ஊர்ப் புத்தி இங்கே உதவாது. நான் ஃபெயிலான பேப்பர் அப்படிப் போனதுதான். முதல் நாளே விதியைப் படியுங்கள், எழுதும் நிலையில் இல்லை என்றால் போவதற்கு முன்னாலேயே விண்ணப்பியுங்கள்.

நிராகரித்தால் முறையிட நாள் கணக்கு உண்டு, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான். ஸ்டூடன்ட்ஸ் யூனியனில் அட்வைஸ் சென்டர் என்று ஒன்று இருக்கும். டிபார்ட்மென்டின் கீழ் வராத ஆட்கள், இலவசம். என் இரண்டாவது விண்ணப்பத்தை வரி வரியாகத் திருத்திக் கொடுத்தது அங்கே இருந்த ஒரு பெண்மணி. பணக் கஷ்டம் என்றால் யூனியின் ஹார்ட்ஷிப் ஃபண்டுக்கும் அவர்களே வழி சொல்வார்கள். எல்லாம் முடிந்தும் நியாயம் கிடைக்கவில்லை என்றால், யூனியிடம் நடைமுறை முடிந்ததற்கான கடிதம் வாங்கிக்கொண்டு, 12 மாதத்துக்குள் மாணவர் புகார்களை விசாரிக்கும் ஓ.ஐ.ஏ. என்ற சுதந்திர அமைப்பிடம் போகலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

7. "விசா போயிடுமா?"

எங்கள் வீட்டில் ஆறு பேரில் நான்கு பேர் கவுன்சிலிங் பக்கம் போகாததற்கு இந்தப் பயம்தான் காரணம். போகாது. கவுன்சிலிங் விவரம் ஹோம் ஆஃபீஸுக்குப் போவதில்லை. விசாவுக்கு ஊரில் டி.பி. டெஸ்ட் எடுத்தோம், மனநலம் பற்றி யாராவது ஏதாவது கேட்டார்களா? உங்களுக்கு 18 தாண்டிவிட்டதால் அப்பா அம்மாவுக்கும் உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லமாட்டார்கள். உங்கள் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ பெரிய ஆபத்து என்று தோன்றினால் மட்டும் விலக்கு. அதையும் முதல் செஷனிலேயே சொல்லிவிடுவார்கள்.

விசாவுக்கு உண்மையான ஆபத்து, சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் இருப்பது. யூனி உங்கள் ஸ்பான்சர். வருகையைக் கண்காணிக்க வேண்டிய கடமை அதற்கு உண்டு. முடியாத வாரத்தில் ஒரு மெயில், அனுமதிபெற்ற விடுப்பு என்று பதிவாகட்டும். விடுப்பு 60 நாளுக்குள் இருந்து, படிப்பையும் நேரத்துக்கு முடிக்க முடியும் என்றால் ஸ்பான்சர்ஷிப்பைத் தொடர யூனிக்கு இடமுண்டு.

படிப்பை முறையாக நிறுத்தி வைப்பது வேறு கதை. யூனி பத்து வேலை நாளுக்குள் ஹோம் ஆஃபீஸுக்குத் தெரிவிக்கும், விசாவைக் குறைப்பார்கள், கிளம்ப வழக்கமாக 60 நாள் தருவார்கள். திரும்பி வர புது விசா, 2025-இல் 524 பவுண்டு, மேலே மறுபடியும் சர்சார்ஜ். சிலருக்கு அதுதான் சரியான முடிவாகவும் இருக்கும். ஆனால் கவுன்சிலரோ டியூட்டரோ சொன்னார் என்று கையெழுத்துப் போடாதீர்கள். யூனியின் இன்டர்நேஷனல் விசா டீமைப் பார்த்த பிறகு போடுங்கள்.

8. ஆறு செஷன் முடிந்துவிட்டால்

ஐந்தாவது செஷனிலேயே "அடுத்து என்ன?" என்று கேளுங்கள். நான் ஆறாவதின் கடைசி நிமிடத்தில் கேட்டேன், கையில் ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது.

என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸ் என்ற பேச்சுவழிச் சிகிச்சைச் சேவைக்கு ஜிபி கடிதம் தேவையில்லை. ஆன்லைனில் நீங்களே பதியலாம், இலவசம். ஆறு வாரத்துக்குள் 75 சதவீதம் பேருக்கும், 18 வாரத்துக்குள் 95 சதவீதம் பேருக்கும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. வரிசை இருக்கும் என்பதால் யூனி செஷன் ஓடும்போதே கேட்டு வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தரமாட்டார்கள், காத்திருப்புப் பட்டியலில் இருப்பதற்குத் தடையில்லை.

பிரைவேட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 40 முதல் 80 பவுண்டு, லண்டனில் இன்னும் கூட. இந்த நாட்டில் 'கவுன்சிலர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், சட்டத் தடை இல்லை. பி.ஏ.சி.பி. போன்ற கவுன்சிலர் அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தமிழ் பேசுபவர்களையும் அந்த மாதிரிப் பட்டியல்களில் மொழிவாரியாகத் தேடலாம். பயிற்சியில் இருப்பவர்கள் குறைந்த கட்டணத்துக்குப் பார்க்கும் மையங்களும் பல ஊர்களில் உண்டு, விசாரியுங்கள்.

பிரச்சினை ஒரு வருடமாக இருக்கிறது, அல்லது அவ்வளவு நாள் நீடிக்கும் என்று டாக்டர் எழுதினால், 2010-ஆம் ஆண்டின் ஈக்வாலிட்டி சட்டப்படி அது மாற்றுத்திறன் கணக்கில் வரலாம். டிஸெபிலிட்டி சர்வீஸில் பதிந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம், தனி அறை போன்றவை கிடைக்க வாய்ப்புண்டு. அந்தப் பெயரைக் கேட்டு நான் தயங்கினேன். அந்தச் சொல் சர்டிஃபிகேட்டில் வராது, டிரான்ஸ்கிரிப்டிலும் வராது. இங்கிலாந்து மாணவர்களுக்கு மாற்றுத்திறனுக்காகத் தரும் டி.எஸ்.ஏ. உதவித்தொகை மட்டும் நமக்குக் கிடையாது.

9. கிளம்பும் முன்

டிஸர்டேஷன் கொடுத்த கையோடு யூனியின் கவுன்சிலிங் உரிமை எந்தத் தேதியில் முடிகிறது என்று கேளுங்கள். யூனி மெயில் ஐடி மூடப்படும் முன் ஜிபி கடிதம், மிட் சர்க்ஸ் முடிவு, ஃபிட் நோட் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். உங்களைப் பற்றிய பதிவுகளின் நகலை யூனியிடமும் ஜிபியிடமும் எழுத்தில் கேட்டால் வழக்கமாக ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். ஊருக்குத் திரும்புபவர்கள் மருந்து முடிவதற்கு மூன்று வாரம் முன்பே ஜிபியிடம் சுருக்கக் குறிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் பேச ஆள் வேண்டும் என்றால் இந்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஆனால் அது இந்திய நம்பரிலிருந்து அழைப்பதற்கானது, ஏர்போர்ட்டில் சிம் மாற்றிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.